பழைய கார் வாங்குமுன்

மாடு பிடிக்கச் சந்தைக்குச் செல்லும் நம்மவர் பல்லைப் பார்ப்பர், சுழி பார்ப்பர், நாலடி நடத்தியும் பார்ப்பர். அதே அன்பர்கள் பழைய கார் வாங்கும்போது மேற்பூச்சின் பளபளப்பைக் கண்டும் என்ஜினின் ஓசையைக் கேட்டும் மகிழ்ந்து, அங்கேயே முன்பணத்தை நீட்டிவிடுகின்றனர். நம் சங்க உறுப்பினர் ஒருவர், இரண்டாம் தறி போடுவதற்கென்று சேர்த்த 45,000 ரூபாயை இவ்வாறு கொடுத்து ஒரு மாருதி 800 வாங்கினார். ஆறு திங்களில் பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுசென்றபோது வண்டி தேறவில்லை. என்ஜினில் ஒரு குற்றமுமில்லை. காலடித் தகடு இற்றுப் போயிருந்தது.

அந்த வண்டியையே எடுத்துக்கொண்டு பேசுவோம். 1983-இல் வெளிவரத் தொடங்கிய மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஆகவே, இன்று விலைக்கு வருவது எதுவாயினும் பத்தாண்டு கடந்ததே. மூன்று சிலிண்டரும் 796 சி.சி. கொள்ளளவும் உடைய அதன் சிறு என்ஜினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் சிற்றூர்களிலும் உளர். எனவே என்ஜின் பழுது செலவு வைக்குமேயன்றி, பெரிதும் அஞ்சத்தக்கதன்று. தகடு அவ்வாறன்று. லாரிக்கு இருப்பதுபோல் இவ்வண்டிக்கு அடியில் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். பாவு மக்கியபின் எவ்வளவு உயர்ந்த ஊடை போட்டாலும் துணி நில்லாது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலால் முதலில் குனிந்து பார்த்தல் வேண்டும். காலடி விரிப்பை நீக்கிக் கட்டைவிரலால் அழுத்துக. பின்புறம் உபரிச் சக்கரம் கிடக்கும் குழி, கதவுகளின் கீழ்விளிம்பு, சக்கரத்தின் மேல்வளைவு, பாட்டரி அமர்ந்த தட்டு ஆகியவை நீர் தங்கித் துருவேறும் இடங்கள். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி உடன் கொண்டுசெல்லலாம். தகடு உள்ள இடத்தில் அது ஒட்டும். பட்டி தடித்த இடத்தில் நழுவும். விற்பதற்கு முன் புதுப்பூச்சுப் பூசிய மலிவு வண்டியை நாம் ஐயத்தோடே நோக்குவோம். மலிவாக விற்பவர் பூச்சுக்கு ஏன் செலவிட்டார்?

என்ஜினை ஆறியிருக்கும்போதே பார்க்க வேண்டும். விடியற்காலையில் செல்க, மூடியைத் தொட்டுப் பார்த்துச் சூடாயிருப்பின், நமக்கு முன்பே எவரோ முடுக்கி வைத்திருக்கிறார் என்று கொள்க. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியை. வெண்புகை குளிரில் சிறிது வருவது இயல்பே. வண்டி சூடேறிய பின்னும் விடாது வருமாயின் தண்ணீர் உட்புகுகிறது என்பது பொருள். ஆயில் மூடியின் உட்புறம் தயிர்போல் வெளுத்திருந்தாலும் அதே ஐயந்தான். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை நம்பற்க. மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழத்திருப்பது அதைவிட மெய்யான சாட்சி. டயரின் பக்கத்தில் நான்கிலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாதிருந்தாலும் முதிர்ந்த ரப்பர் வெடிக்கும்.

இனி, கணக்கு. கேட்கும் விலை 45,000 என்போம். நான்கு டயருக்கு 12,000, பாட்டரிக்கு 4,000, கிளட்சுக்கு 5,000 ஆகும் என்று நம் மெக்கானிக் மதிப்பிட்டால், விலை 66,000 ஆயிற்று. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குரியது. பின்னர் சோதனைக்குட்பட்டு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்படும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. இவற்றையும் கூட்டினால், அடுத்த தெருவில் 65,000 சொல்லும் நல்ல வண்டியே மலிவு என்பது விளங்கும். நம் உறுப்பினர் இக்கணக்கை வாங்கிய பிறகே போட்டார்.

பத்திரங்களில் சோம்பல் கூடாது. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. வங்கிக் கடன் குறித்திருப்பின், வங்கியின் தடையின்மைச் சான்றும் 35-ஆம் படிவமும் கைக்கு வந்த பின்னரே பணம் தருக. பெயர் மாற்றத்துக்குரிய 29, 30-ஆம் படிவங்களில் விற்பவரின் கையொப்பத்தை அன்றே பெற்று, 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். விற்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு சொல்: பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பாவார் என்றும் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. வண்டியை ஒப்படைக்கும்போது நாளும் மணியும் குறித்து இருவரும் கையொப்பமிட்ட ரசீது ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்க.