மூன்று வயதுக்கும் உரிமை வேண்டும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால், நான் வசிக்கும் ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்று வயதுக் குழந்தைகளும் முதுகில் பை சுமக்கத் தொடங்கிவிடுகின்றனர். மகன் நூறு வரை எழுதுகிறான் என்று பெற்றோர் பெருமிதம் கொள்கின்றனர். அவன் பிற குழந்தைகளோடு கூடி விளையாடுகிறானா, மனதில் பட்டதைத் தயங்காமல் கேட்கிறானா என்று எவரும் விசாரிப்பதில்லை.

எழுதுவதற்கு முதலில் விரல்கள் வலுப்பெற வேண்டும். களிமண் பிசைவதும் மணி கோப்பதும் அந்த வலுவைத் தருகின்றன. பல்லாங்குழி ஆடும் குழந்தை எண்ணப் பழகுகிறது, தன் முறை வரும்வரை காத்திருக்கிறது, தோல்வியையும் தாங்கிக்கொள்கிறது. உடல், மொழி, அறிவு, மனம் ஆகியவை சேர்ந்தே வளர்கின்றன.

இந்த உண்மை சென்னைக்குப் புதிதன்று. 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கட்டணம் செலுத்த இயன்றோருக்கே உரியதாக அம்முறை பின்னாளில் சுருங்கியது. எனினும், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் அறிமுகமானபோது, குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைந்தன. ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். தத்தம் வேகத்திற்கேற்ப அட்டைகளின் துணையோடு குழந்தைகள் கற்றனர். பின்னர் அம்முறை மாநிலம் முழுவதும் விரிந்தது. எளிய குடும்பத்துக் குழந்தைக்கும் இத்தகைய கல்வியை அரசுப் பள்ளி தர இயலும் என்பதற்கு இது சான்று.

ஆறு வயதுக்கு முந்தைய பருவத்திற்கு நம்மிடம் உள்ள பெரிய அமைப்பு அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம், ஊட்டச்சத்து, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, முன்பருவக் கல்வி அனைத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. முழுமையான வளர்ச்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் வேறில்லை. ஆனால், எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, வீடு வீடாகச் செல்வது என அத்தனை பணிகளையும் சுமக்கும் ஒரே பணியாளர், கதை சொல்லவும் பாட்டுப் பாடவும் நேரத்திற்கு எங்கே போவார்?

சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே கட்டாயக் கல்விக்கு உறுதி தருகிறது. ஆறு வயதுக்கு உட்பட்டோரின் கல்வி, அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் அரசு முயல வேண்டிய நெறியாக மட்டுமே நிற்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையிலான பருவத்தை அடித்தள நிலை என்கிறது. அடித்தளம் என்று ஒப்புக்கொண்டபின், அதன் முதல் மூன்று ஆண்டுகளை உரிமைக்கு வெளியே நிறுத்துவது முரண் அல்லவா?

மூன்று வயது முதலே கல்வியை உரிமையாக்க வேண்டும். ஒவ்வோர் அங்கன்வாடியிலும் முன்பருவக் கல்விக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் வேண்டும். பெற்றோராகிய நாமும், பள்ளியில் சேர்க்கும்போது எத்தனை பாடநூல்கள் என்று கேட்பதோடு நில்லாமல், விளையாட எவ்வளவு நேரம் என்றும் கேட்கத் தொடங்க வேண்டும்.