ஆரியங்காவுக் கணவாயில் எத்தனை எல்லைகள்?

குற்றாலத்தில் கேரள அரசுக்குச் சொந்தமான ஓர் அரண்மனை இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் குடும்பம் சாரல் காலத்தில் வந்து தங்கிய மாளிகை அது. சமஸ்தானம் மறைந்து, திரு-கொச்சி மாநிலம் வந்துபோய், கேரளம் உருவானபோது அந்த மாளிகையும் அதைச் சுற்றிய நிலமும் கேரளப் பொதுப்பணித் துறையின் கைக்குப் போயின. சீசனுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்: தமிழ்நாட்டுக்குள் கேரளம் எப்படி வந்தது?

வரவில்லை. அந்த நிலம் கேரளத்தின் சொத்து, அவ்வளவுதான். அங்கே ஒரு திருட்டு நடந்தால் வழக்குப் பதிவது குற்றாலம் காவல் நிலையம். அங்கே செல்லுபடியாவது தமிழ்நாட்டின் சட்டம். இதற்கு நேர் எதிரான நிலை முல்லைப் பெரியாறு. அணை இருப்பது கேரள மண்ணில். ஆனால் 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகையின்படி அதை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. நில உரிமை வேறு, ஆட்சி வரம்பு வேறு. அரசியல் புவியியலில் முதலில் பிரித்தறிய வேண்டியவை இவை இரண்டும். மேடைப் பேச்சுகளில் முதலில் குழம்பிப்போவதும் இவைதான்.

தென்காசி மாவட்டத்தின் மேற்கு விளிம்பு இப்படிப்பட்ட வேறுபாடுகளால் ஆனது. இலஞ்சியைத் தாண்டிச் செங்கோட்டைக்குள் நுழையும் சாலையில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை தாங்கிய பழைய நுழைவாயில் வளைவு நிற்கிறது. 1956 அக்டோபர் 31 வரை செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் இல்லை. கொட்டாரக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட இளயிடத்து சொரூபம் என்ற சிற்றரசின் பகுதியாக இருந்து, 1740களில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சிக்குள் போன நிலம் இது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் தென்காசியும் குற்றாலமும் நாயக்கர், பாளையக்காரர், ஆற்காடு நவாப் எனக் கைமாறி 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சேர்ந்தன. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு காலம் தென்காசிக்காரருக்குப் பிரிட்டிஷ் தபால், செங்கோட்டைக்காரருக்கு அஞ்சல் என்ற பெயரில் திருவிதாங்கூரின் தனித் தபால். இங்கே அணா, அங்கே சக்கரம். இப்படி வேலை முடிந்தபின்னும் தடம் விட்டுப்போகும் எல்லையை எச்ச எல்லை என்பார்கள். அமெரிக்கப் புவியியலாளர் ரிச்சர்ட் ஹார்ட்ஷோர்ன் 1930களில் எல்லைகளை வகைப்படுத்தியபோது இதற்குத் தனி இடம் கொடுத்தார். செங்கோட்டை வளைவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தென்தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

அப்படியானால் திருவிதாங்கூர் ஒரு தனி நாடா? 1933ஆம் ஆண்டின் மான்டெவிடியோ ஒப்பந்தம் ஒரு நாட்டுக்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். முதல் மூன்றும் திருவிதாங்கூருக்கு இருந்தன. நான்காவது இல்லை, அது பிரிட்டிஷாரிடம் இருந்தது. உள்ளே மன்னர், மேலே பிரிட்டிஷ் ரெசிடென்ட். இறையாண்மை என்பது ஒரே கையில் முழுதாக இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை என்பதை நம் ஊர் வரலாறே காட்டுகிறது.

வாஞ்சிநாதனை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். செங்கோட்டையில் பிறந்தவர், அன்றைய கணக்கில் திருவிதாங்கூர்ப் பிரஜை. புனலூரில் சமஸ்தானத்தின் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் அவர் சுட்ட ஆஷ், திருநெல்வேலி மாவட்டக் கலெக்டர். ஆஷின் அதிகாரம் செங்கோட்டையில் செல்லாது. ஆனாலும் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் நசுக்கப்பட்ட கோபமும் 1908 திருநெல்வேலி எழுச்சி ஒடுக்கப்பட்ட வலியும் அந்த எல்லைக்கோட்டைக் கடந்து வந்தன. அரசு என்பது அதிகாரம் செல்லும் பரப்பு. தேசம் என்பது மக்கள் தங்களை ஒன்றாக உணரும் பரப்பு. இரண்டும் ஒரே இடத்தில் முடிவதில்லை.

1947இல் திவான் சி.பி. ராமசாமி அய்யர் திருவிதாங்கூர் சுதந்திர நாடாக இருக்கும் என்று அறிவித்தார். அது நிலைத்திருந்தால் இலஞ்சியிலிருந்து செங்கோட்டைக்குப் போக பாஸ்போர்ட் வேண்டியிருக்கும். மக்கள் எதிர்ப்பு வலுத்தது. ஜூலை 25 அன்று சி.பி. தாக்கப்பட்டார், சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய இசைந்தது. 1949 ஜூலை 1இல் கொச்சியோடு சேர்ந்து திரு-கொச்சி ஆனது.

பிறகு வந்தது மொழிவழிப் பிரிவினை. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கே என்றது. அங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதி தோட்ட வேலைக்காக வந்து சேர்ந்தவர்கள் என்பதும் பொருளாதார, புவியியல் காரணங்களும் அதற்கு அடிப்படையாகச் சொல்லப்பட்டன. தமிழ்நாட்டில் இது குறித்த ஆறாத மனக்குறை இன்றும் உண்டு. செங்கோட்டையில் இந்தச் சிக்கல் குறைவு: பேச்சு தமிழ், இருப்பு மலைக்குக் கிழக்கே. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை கன்னியாகுமரி மாவட்டம் ஆக, செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது.

ஆனால் தாலுகா முழுதாக வரவில்லை. ஆரியங்காவு, அச்சன்கோவில் உள்ளிட்ட மேற்குக் காட்டுப் பகுதி கேரளத்திலேயே நின்றது. மலைமுகட்டில் விழும் மழை எந்தப் பக்கம் வழிகிறதோ அதைப் பார்த்து எல்லை வகுப்பது உலகெங்கும் பழகிய முறை. குற்றாலத்தின் அருவிகள் சிற்றாறாகிக் கிழக்கே ஓடித் தாமிரபரணியில் கலக்கின்றன. ஆரியங்காவுக்கு அருகில் விழும் பாலருவியின் நீர் மேற்கே கல்லடையாற்றுக்குப் போகிறது. வரைபடத்தில் இது இயற்கை எல்லை போலவே தோன்றும். மலை இயற்கைதான், அதை எல்லையாக வைத்துக்கொண்டவர்கள் மனிதர்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அந்த முடிவு தெரியாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக அது ஈரத்தைச் சுமந்து கிழக்கே வருவதால்தான் ஜூனிலும் ஜூலையிலும் தென்காசியில் சாரல் அடிக்கிறது.

கணவாய் வழியாக மனிதர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். 1904இல் திறந்த கொல்லம்-செங்கோட்டை ரயில் பாதை அந்தப் போக்குவரத்துக்குத் தண்டவாளம் போட்டது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அச்சன்கோவில் தர்மசாஸ்தாவின் திருவாபரணம். மார்கழித் திருவிழாவுக்காகப் புனலூரிலிருந்து புறப்படும் நகைப்பெட்டி, ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கு வருகிறது. இங்குள்ள மக்கள் வரவேற்று வணங்குகிறார்கள். பிறகு மேக்கரை வழியாக மலையேறி மறுபடியும் கேரளத்துக்குள் போகிறது. கேரளத்தின் ஓர் ஊருக்குக் கேரளத்தின் நகை தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. இரு மாநிலப் போலீசாரும் காவல் வருகிறார்கள். ஆரியங்காவில் ஐயப்பன் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டாராக மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் போகிறார்கள். வழிபாட்டின் எல்லை எப்போதுமே நிர்வாக எல்லையைவிட அகலம்.

எல்லைக்கோடு நகராமல் இருந்தாலும் அதன் வேலை மாறிக்கொண்டே இருக்கும். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் வேலை போயிற்று, எல்லை மெலிந்தது. 2020 ஊரடங்கில் இ-பாஸ் இல்லாமல் எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியவில்லை. அதே கோடு சுவராயிற்று. 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவுகள் நெல்லை அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பகுதிகளில் கொட்டப்பட்டபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் கேரள அரசே லாரிகளோடு வந்து அள்ளிப்போனது. ஒரு மாநிலத்தின் பொறுப்பு அதன் எல்லையோடு முடிந்துவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

எல்லையை மாற்றும் அதிகாரம் யாருக்கு? மாநில எல்லை என்றால் அரசியலமைப்பின் 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு. சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்பார்கள். அதன் சம்மதம் கட்டாயமில்லை. மாவட்ட எல்லை மாநில அரசின் கையில். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது அப்படித்தான்.

காகிதத்தில் எல்லையை வகுப்பது ஒரு கட்டம். மண்ணில் கல் நட்டு அடையாளமிடுவது வேறொரு கட்டம். 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டம் தாலுகாக்களின் பெயரைத்தான் சொன்னது. காட்டுக்குள் ஒவ்வொரு மரத்துக்கும் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அதனால்தான் 2022 நவம்பர் 1 அன்று கேரளம் டிஜிட்டல் நில மறு அளவையைத் தொடங்கியபோது தேனியிலிருந்து தென்காசி வரை கவலை எழுந்தது. எல்லையோரக் கிராமங்களை ஒரு மாநிலம் தனியாக அளப்பது முறையல்ல. இரு மாநில வருவாய்த் துறையினரும் சேர்ந்து அளந்து, சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தீராவிட்டால் 131ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அந்த வழக்குகள் தலைமுறைகளைத் தின்னும்.

வாசுதேவநல்லூர், சிவகிரி விவசாயிகளுக்கு அது நன்றாகவே தெரியும். மன்னர் காலத்தில் மலைமேல் கட்டிய செண்பகவல்லித் தடுப்பணை மேற்கே போகும் நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பியது. உடைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. இடம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். தண்ணீர் தேவைப்படுவது தமிழ்நாட்டுக் கண்மாய்களுக்கு. கேரளத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட அங்கே எடுத்து வைக்க முடியாது. இரு மாநில அரசுகளும் அடுத்த முறை பேச உட்காரும்போது முல்லைப் பெரியாற்றோடு இந்த உடைந்த சுவரையும் நிரலில் சேர்க்க வேண்டும்.