ஒர்வியேட்டோ: கழுதைகள் மோதிக்கொள்ளாத கிணறு



இத்தாலி என்றதும் நமக்கு ரோம் நகரமும் பைசா சாய்ந்த கோபுரமும்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப் போவது ஒர்வியேட்டோ என்கிற பழமையான மலை ஊர் பற்றி. நான் அங்கே போனதில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ரோமில் காலையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். நிதானமாகச் சுற்றிவிட்டு இரவுக்குள் திரும்பிடலாம். வாங்க, போவோம்!

ரயில் நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது. ஊர் மேலே, ஒரு பெரிய பாறைத் திட்டு மேல் உட்கார்ந்திருக்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை அது. சுற்றிலும் சுவர் மாதிரி செங்குத்து. எதிரி சுலபமா ஏற முடியாது. அதனால்தான் எட்ருஸ்கர் என்ற பழங்கால மக்கள் அங்கே குடியேறினார்கள். கி.மு. 264-ல் ரோமானியர்கள் அந்த ஊரைப் பிடித்து அழித்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

மேலே போக, கம்பி வடம் இழுக்கிற குட்டி ரயில் உண்டு. 1888-ல் அது தொடங்கியபோது தண்ணீரால்தான் ஓடியது! எப்படி? ஒரே வடத்தில் இரண்டு பெட்டிகள். மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். எடை கூடி அது இறங்கும்போது, கீழே இருக்கிற பெட்டி தானா மேலே ஏறிவிடும். 1990 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது.

ரயில் போய் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புனித பேட்ரிக் கிணறு. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

1527-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது. போப்பாண்டவர் ஏழாம் கிளமென்ட் தப்பித்து இந்த ஊருக்கு வந்தார். பாறை நல்ல பாதுகாப்புதான். ஆனால் எதிரி ஏறி வரவே வேண்டாமே! கீழே சுற்றி வளைத்து உட்கார்ந்தால் போதும். மேலே தண்ணீர் தீர்ந்தால் கோட்டைக் கதவைத் திறந்துதானே ஆகணும்? அதனால் பெரிய கிணறு ஒன்று தோண்டச் சொன்னார். கட்டிடக் கலைஞர் இளைய அந்தோனியோ ட சங்கால்லோ அதை அமைத்தார்.

கிணற்றின் ஆழம் சுமார் 53 மீட்டர். பதினைந்து மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு போட்டு இழுத்தால் ஊருக்கே தண்ணீர் எடுத்து மாளாது. அதனால் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் உள்ளே நடந்தே இறங்கும்படி, அகலமான, உயரம் குறைந்த படிகளை வைத்தார்கள். இறங்குகிற கழுதையும் சுமையோடு ஏறுகிற கழுதையும் நடுவில் எதிர்ப்பட்டால் என்ன ஆகும்? இரண்டும் நகர முடியாது.

அதற்கு அவர் செய்த உபாயம்தான் அருமை. ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். மேல்முனையில் ஒரு பக்கம் சிவப்பு நூல், நேர் எதிர்ப்பக்கம் நீல நூல் வைத்து, இரண்டையும் ஒரே திசையில் இடைவெளி விட்டுச் சுற்றிக்கொண்டே இறங்குங்கள். கடைசிவரை இரண்டும் தொடவே தொடாது. கிணற்றிலும் இப்படித்தான் இரண்டு படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள், தனித்தனி வாசல். ஒன்றில் இறங்கி, அடியில் சின்னப் பாலத்தைத் தாண்டி, மற்றதில் ஏறி வரணும். வெளிச்சத்துக்கு 70 ஜன்னல்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு அடியில் உள்ள குகைகளைப் பார்க்கலாம். ஆயிரத்துக்கும் மேல் இருக்கிறதாம். எட்ருஸ்கர் வெட்டின குறுகலான கிணறுகளும், உணவுக்காகப் புறா வளர்த்த மாடங்களும் அங்கே உண்டு. அப்புறம், 1290-ல் கட்டத் தொடங்கிய பெரிய தேவாலயம். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சுவர். மாலை வெயில் பட்டால் முகப்பில் உள்ள தங்க நிறச் சித்திரங்கள் மின்னும். அதைப் பார்த்துவிட்டு ரயிலுக்கு இறங்கிடலாம்.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. கிணறு வேலை முடிந்தது 1537-ல். தோண்டச் சொன்ன போப்பாண்டவர் 1534-லேயே இறந்துவிட்டார். தனக்காகத் தோண்டச் சொன்ன தண்ணீர் அவருக்குக் கிடைக்கவில்லை, ஊருக்குக் கிடைத்தது. எவ்வளவு உயரமான பாறையும் எதிரியைத்தான் தடுக்கும், தாகத்தைத் தடுக்காது என்பதை இந்த ஊரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி