அரை நாள் ஓவியம் போதுமா?

"படம் வரைந்தால் பசி தீருமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பசித்தவர்கள் அல்லர். பசித்தவன் வீட்டுப் பிள்ளைக்கு எது போதும், எது அதிகம் என்று அளந்து கொடுக்கும் அதிகாரத்தைத் தாமாகவே எடுத்துக்கொண்டவர்கள். கணக்கு வேண்டும், விஞ்ஞானம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், ஓவியம் எதற்கு? அது வசதி படைத்த வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு அல்லவா? இப்படிப் போகிறது அவர்கள் வாதம். அந்தப் பேச்சை நம்மவர்களிலேயே சிலர் நம்பியும் விட்டார்கள். ஆகவேதான் இதைப்பற்றிப் பேசுகிறோம்.

அருப்புக்கோட்டைக்கு வாருங்கள். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர் அது. சேலைக் கரையில் ஒரு பூ வேண்டும் என்றால், அந்தப் பூ வானத்திலிருந்து விழுந்துவிடுமா? முதலில் ஒருவன் அதைத் தாளில் வரையவேண்டும். பிறகு கட்டம் போட்ட தாளில் அதை இறக்கவேண்டும். ஒரு கட்டம் என்பது ஒரு பாவு நூலும் ஓர் ஊடை நூலும் சந்திக்கும் இடம். நிறம் தீட்டிய கட்டத்துக்கு அட்டையில் ஒரு துளை. துளை உள்ள இடத்தில் ஜக்கார்டு பெட்டி நூலைத் தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. இப்படித்தான் தாளில் இருந்த பூ துணியில் மலர்கிறது.

பூவைக் கட்டத்தில் இறக்கத் தெரிந்தவனுக்கு ஒரு விலை. அதே பூவை ஊடையில் ஓட்டிக் கொடுப்பவனுக்கு ஒரு கூலி. விலைக்கும் கூலிக்கும் நடுவே நிற்பது என்ன? பென்சில் பிடிக்கப் பழகிய கை! அந்தக் கை நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு ஏன் வாய்க்கக்கூடாது? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

ஓவிய வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்? அளவுகோல் இல்லாமல் கோடு இழுக்கச் சொல்லித் தருகிறார்கள். நடுக்கோடு ஒன்று போட்டு, இடப்பக்கம் எப்படியோ அப்படியே வலப்பக்கமும் வருமாறு குடத்தை வரையப் பழக்குகிறார்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, நிழல் எங்கே கனக்கிறது என்று கூர்ந்து பார்க்கவைக்கிறார்கள். சிறு படத்தில் கட்டம் போட்டு, அதையே பெரிதாக்கக் கற்பிக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றைக் கொண்டு மற்ற நிறங்களைக் குழைக்கவைக்கிறார்கள். இதில் தேறியவர்களுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு படிகளாக அரசு தொழில்நுட்பத் தேர்வும் உண்டு. இது பொழுதுபோக்கா, தொழிற்கல்வியா? நீங்களே சொல்லுங்கள்!

கழகத் தோழர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். டிஜிட்டல் பேனர் வருவதற்கு முன்பு, கூட்டத்துக்கு முதல்நாள் இரவில், சுண்ணாம்பு அடித்த சுவரில் ஏணி வைத்து ஏறி, தலைவர் முகத்தையும் தேர்தல் சின்னத்தையும் விடிவதற்குள் எழுதி முடித்தார்களே, அவர்கள் யார்? ஆறடிச் சுவரில் மூக்கு கோணாமல் முகம் வந்ததே, அந்தக் கட்டக்கணக்கு எங்கே பிறந்தது? உயர்நிலைப் பள்ளி ஓவிய வகுப்பிலே பயின்ற கைகள் அவற்றில் எத்தனை எத்தனை!

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று எண்ணவேண்டாம். தறி ஓடிய நாடுகளிலெல்லாம் இந்தக் கணக்கு உண்டு. பிரெஞ்சு நாட்டில் லியோன் நகரம் பட்டுக்குப் பேர்பெற்றது. அங்கே 1756இலேயே இலவச ஓவியப் பள்ளி ஏற்பட்டது. 1800களின் தொடக்கத்தில் ஜக்கார்டு தன் தறியைப் படைத்ததும் அதே நகரில்தான். கூலி கேட்டு 1831இலும், பிறகு 1834இலும் நெசவாளர்கள் தெருவில் திரண்டு கிளர்ந்ததும் அதே நகரில்தான். பிரெஞ்சுத் துணியின் சித்திர அழகோடு போட்டியிட முடியாமல் தவித்த இங்கிலாந்து, 1835இல் நாடாளுமன்றக் குழு வைத்து ஆராய்ந்தது. 1837இல் லண்டனில் அரசாங்கமே சித்திர வடிவமைப்புப் பள்ளி திறந்தது. வியாபாரம் செய்யப் பிறந்த வெள்ளைக்காரன் ஓவியத்தை வீண்வேலை என்று நினைக்கவில்லை! ஓவியம் தெரிந்த கைக்குச் சந்தையில் என்ன விலை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

சென்னையில் 1850இல் ஓவியப் பள்ளி தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். அந்தப் பள்ளிக்கு 1929 முதல் 1957 வரை தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான், கடற்கரையிலே பாறையை நெம்பும் நால்வரைச் சிலையாக வடித்தவர். 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அது. மன்னனுக்கும் கவர்னருக்கும் சிலை நின்ற ஊரில் பாட்டாளிக்கும் ஒரு சிலை எழுந்தது.

அதே சென்னைப் பள்ளியில் பயின்றவர் கொண்டைய ராஜு. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் நம் பக்கத்துக் கரிசல் ஊரான கோவில்பட்டியில் தங்கினார். சீடர்களைச் சேர்த்துத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் கையில் பிறந்த படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி வீடு வீடாகத் தொங்கின. வானம் பார்த்த பூமியில் ஓவியம் விளையாது என்று எவன் சொன்னான்?

சரி, இன்று நிலைமை என்ன? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஓவியம் முதலான கலைகளுக்கு ஆசிரியர் என்கிறது அதன் அட்டவணை. அவரும் பகுதிநேரம்தான்! இப்போது திருச்சுழி வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். கண்மாய் வறண்டால் குடும்பமே பிழைப்புத் தேடிப் பெயரும் கிராமங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்து வயிறு கழுவும் குடும்பங்கள். அங்கே நூறு பிள்ளை சேராத பள்ளிக்கு இந்தச் சட்டம் ஓவிய ஆசிரியரைக் கேட்கவே இல்லை. கரித்துண்டால் சுவரில் மாடு வரைகிற பையனுக்கு, "உன் ஊரில் தலை குறைவு, ஆகவே உனக்கு ஓவியம் இல்லை" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்பயிற்சி, தையல் முதலான பாடங்களுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். அப்போது வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். 2021இல் அது 10,000, 2024இல் 12,500. நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த நாட்கள் கொஞ்சமா? ஆட்சிகள் மாறின, பகுதிநேரம் மாறவில்லை. பாதிச் சோறு போட்டுவிட்டு முழு விருந்து வைத்ததாகச் சொன்னால் ஒப்புவோமா? பாதி ஆசிரியரைக் கொடுத்துவிட்டு முழுக்கல்வி கொடுத்ததாகச் சொல்வதை மட்டும் ஏன் ஒப்பவேண்டும்? இதில் எந்த ஆட்சி, யார் ஆட்சி என்று பார்க்கமாட்டோம். நம்மவர் ஆட்சியாயினும் கேட்போம். பிறர் ஆட்சியாயினும் கேட்போம்.

ஆகவே தோழர்களே, கைதட்டிக் கலைந்துபோகும் வேலை அல்ல இது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்க்கு உரியது என்று சட்டம் சொல்கிறது. தறிக்காரரும் கரிமூட்டக்காரரும் கொத்தனாரும் அந்த நாற்காலியில் உட்காரலாம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள்; உங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். "ஓவிய வாத்தியார் இருக்கிறாரா? எத்தனை நாள் வருகிறார்? தாளும் வண்ணமும் உண்டா? ஓவியப் பாடவேளையைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று எழுதவையுங்கள், எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள்.

துணி நெய்தவன் அந்தத் துணியின் பூவையும் தானே வரையட்டும். பசி தீருமா என்று கேட்டவர்களுக்கு அதைவிட நல்ல பதில் நம்மிடம் இல்லை.