நான்கு சக்கர நூற்றாண்டு – 17: கழற்றிப் போட்டதன் எடை

வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காரான ஹாட் ராட் வண்டியைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்றுதான். "எத்தனை கிலோ?" என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்! பழைய ஃபோர்டு கார்களை வாங்கிப் பிரித்துப் போட்ட கலிஃபோர்னியா இளைஞர்களைச் சென்ற வாரம் சந்தித்தோம். அவர்கள் சாதித்ததில் பெரும்பங்கு எஞ்சினில் நடந்ததல்ல, எடையில் நடந்தது. என்னை இந்த வண்டிகளிடம் இழுத்ததும் அதுதான்.

1932 மார்ச் கடைசியில் ஹென்றி ஃபோர்டு தன் வி8 காரை வெளியிட்டார். 3.6 லிட்டர் எஞ்சின், 65 குதிரைத்திறன். எட்டு சிலிண்டர் என்றாலே பணக்காரர்களின் கார் என்றிருந்த காலத்தில், எஞ்சின் பிளாக்கை ஒரே வார்ப்பாக வார்த்து விலையைத் தரைக்குக் கொண்டுவந்தார் அவர். திறந்த கூரை ரோட்ஸ்டரை 460 டாலருக்கு வாங்க முடிந்தது. அதன் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. நம் அம்பாசடரை விடவும் சற்றுக் குறைவு. எட்டு சிலிண்டர் வார்ப்பிரும்பு எஞ்சினைச் சுமந்துகொண்டு ஒரு கார் இவ்வளவு லேசாக இருந்தது அன்றைக்குப் பெரிய விஷயம்.

சில ஆண்டுகளில் இந்தக் கார்கள் பழசாகி மலிவாக வந்தபோது வாங்கியவர்கள், பொருளாதார மந்தத்தில் வளர்ந்த பையன்கள். எஞ்சினின் சக்தியைக் கூட்டக் காசு வேண்டும். இன்னொரு கார்புரேட்டர், புது சிலிண்டர் ஹெட், வேறு கேம் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. எடையைக் குறைக்க ஒரு ஸ்பேனர் போதும். வார இறுதியில் மியூராக் என்ற வறண்ட ஏரிப் படுகைக்கு வண்டியை ஓட்டிப் போவார்கள். அங்கேயே நான்கு மட்கார்டுகளையும் கழற்றுவார்கள். ஃபுட்போர்டு, பம்பர், ஸ்டெப்னி, ஹெட்லைட், முன் கண்ணாடி, துணிக் கூரை என்று வரிசையாக இறங்கும். பானெட்டும் சிலர் கழற்றிவிடுவார்கள். பந்தயம் முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, அதே வண்டியில் வீடு திரும்பி, திங்கட்கிழமை அதிலேயே வேலைக்கும் போனவர்கள் பலர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ, 65 குதிரைத்திறன் என்றால் ஒரு குதிரை இழுக்க வேண்டியது 15.4 கிலோ. 120 கிலோவைக் கழற்றி வைத்தால் அது 13.5 கிலோவாக இறங்குகிறது. கழற்றாத காரில் இதே விகிதம் கிடைக்க வேண்டுமானால் எஞ்சின் 74 குதிரைத்திறன் தர வேண்டும். எஞ்சினைத் தொடாமலே ஒன்பது குதிரைகள்! கால் பைசா செலவில்லை. மட்கார்டும் முன் கண்ணாடியும் போனதால் காற்றின் தடையும் குறைந்தது தனி லாபம்.

இந்தப் பையன்களின் குழுக்கள் 1937இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கமாகச் சேர்ந்தன. போர் முடிந்து திரும்பியவர்கள் இன்னும் துணிந்தார்கள். பில் பர்க் என்பவர் பசிபிக் போர்முனையில் விமானங்களின் கூடுதல் பெட்ரோல் டாங்குகளைப் பார்த்தவர். காற்றைக் கிழிக்கும் நீள்முட்டை வடிவம், மெல்லிய தகடு. 1946இல் அப்படி ஒரு டாங்கையே காரின் உடம்பாக்கிவிட்டார். கழற்றுவதற்கு இனி ஒன்றுமில்லை என்ற நிலையில், காரின் உடலையே மாற்றிய யோசனை அது. போருக்குப் பிந்தைய வேக வண்டிகளில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிய புத்தகங்களில் அச்சாகியிருக்கும் எடையை அப்படியே நம்பக் கூடாது. பெரும்பாலும் அது தொழிற்சாலையிலிருந்து வண்டியை அனுப்பும்போது போடப்பட்ட எடை. பெட்ரோல் கணக்கில் வராது. 75 லிட்டர் டாங்க் நிரம்பினாலே 55 கிலோ கூடிவிடும். வாங்குபவர் கூடுதல் காசு கொடுத்துச் சேர்த்த ஹீட்டர், ரேடியோ, ஏர்கண்டிஷனர் எதுவும் அதில் இல்லை. ஓட்டுபவரும் இல்லை. எனவே உண்மை தெரிய வேண்டுமானால் லாரிகளுக்கான எடைமேடைக்குப் போவதுதான் வழி. முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை, முழு வண்டியையும் ஏற்றி ஒருமுறை. இரண்டையும் கழித்தால் பின் சக்கரங்கள் சுமப்பது தெரிந்துவிடும். மொத்த எடையைவிட இந்தப் பங்கீடுதான் ஓட்டும்போது கைக்குத் தெரியும்.

பங்கீட்டைக் கெடுப்பதில் முதலிடம் எஞ்சினுக்கு. 1950களின் தொடக்கத்தில் கிறைஸ்லரின் ஹெமி எஞ்சினுக்கு ஆசைப்பட்டவர்கள் 300 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைப் பழைய ஃபோர்டின் மெல்லிய முன் அச்சின் மேல் ஏற்றினார்கள். வேகம் வந்தது, வளைவில் திரும்புவது கடினமானது. 1955இல் ஷெவ்ரோலே தன் சிறிய வி8ஐக் கொண்டுவந்தபோது நிலைமையே மாறியது. 4.3 லிட்டர், தொடக்க நிலையிலேயே 162 குதிரைத்திறன். எடையோ பழைய ஃபோர்டு வி8க்கு ஏறத்தாழ சமம், ஷெவ்ரோலேயின் சொந்த ஆறு சிலிண்டர் எஞ்சினைவிடக் குறைவு. ஃபோர்டு வண்டிக்குள் ஷெவ்ரோலே எஞ்சின் என்ற கலப்பு மணம் ஹாட் ராட் உலகில் அவ்வளவு பரவியதற்கு இந்த எடைதான் பெரிய காரணம்.

பழைய கார் என்றாலே கனம் என்று பலர் நினைக்கிறார்கள். 1959 காடிலாக்கைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஐந்தே முக்கால் மீட்டர் நீளம், வால் துடுப்புகள், குரோம் பூச்சு, தனிச் சேஸிஸ் எல்லாம் சேர்ந்து 2,100 கிலோவைத் தாண்டியது. அதிலும் கூரை திறக்கும் மாடல் கூரையுள்ளதைவிடக் கனமானது. கூரை போனால் உடல் முறுக்கிக்கொள்ளும்; அதைத் தடுக்கச் சேஸிஸுக்குக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் 1965 மஸ்டாங், வி8 எஞ்சினோடும் சுமார் 1,300 கிலோதான். இன்றைய வி8 மஸ்டாங் 1,700ஐத் தாண்டுகிறது. மோதலைத் தாங்கும் எஃகு, ஏர்பேக், பெரிய பிரேக், கிலோக்கணக்கில் ஒயரிங். உயிரைக் காக்கும் எடை அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பையன்கள் ஸ்பேனரால் கண்டுபிடித்ததைக் கம்பெனிகள் 1960களில் கோடிகளைக் கொட்டிச் செய்தன. கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயங்களை நடத்திய தேசிய ஹாட் ராட் சங்கம், வண்டியின் எடையைக் குதிரைத்திறனால் வகுத்துப் பிரிவுகள் அமைத்தது. சுமார் 45 கிலோ குறைந்தால் நேரத்தில் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது பந்தயக்காரர்களின் வாய்ப்பாடு. 1963இல் பான்டியாக், சில கட்டலினா கார்களின் சேஸிஸ் முழுவதும் வட்ட வட்டமாக ஓட்டை போட்டது. சைலன்சருக்குப் போகும் மேனிஃபோல்டைக்கூட அலுமினியத்தில் வார்த்தார்கள். நீண்ட நேரம் ஓட்டினால் அது உருகிவிடும். கால் மைல் ஓடத் தாங்கும், அது போதும் என்று துணிந்தார்கள்.

1964இல் ஃபோர்டு உருவாக்கிய தண்டர்போல்ட் இன்னும் நுணுக்கமானது. மொத்தம் நூறு வண்டிகள். நடுத்தரக் குடும்பத்து ஃபேர்லேன் காருக்குள் 7 லிட்டர் எஞ்சின். பானெட்டும் முன் மட்கார்டும் ஃபைபர். பக்கவாட்டு ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். ரேடியோ, ஹீட்டர், பயணி பக்கத்து வைப்பர், கை வைக்கும் கட்டை, ஜாக்கி எல்லாம் போயின. இவ்வளவையும் கழற்றிவிட்டு, லாரிக்குரிய கனமான பேட்டரியை டிக்கியில் வைத்தார்கள்! புறப்படும் கணத்தில் பின் டயர் தரையைப் பற்ற வேண்டும் என்பதற்காக. விதி அனுமதித்த குறைந்தபட்சம் சுமார் 1,450 கிலோ. அதற்குள் எந்தக் கிலோ எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் வேலையாக இருந்தது. நான்கு ஆண்டு கழித்து இதே பந்தயத்துக்காகக் கிறைஸ்லர் கொண்டுவந்த ஹெமி டார்ட் காரில் ஜன்னலை இறக்கக் கைப்பிடிகூட இல்லை, ஒரு பட்டைதான்.

யூட்டாவின் பான்வில் உப்புப் பாலைவனத்தில் இந்த நியாயமெல்லாம் தலைகீழ். அங்கே கால் மைல் கணக்கில்லை. வேகமெடுக்க மைல்கணக்கில் இடம் உண்டு. உப்புத் தரையில் டயருக்குப் பிடிமானம் குறைவு. லேசான வண்டியில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அதனால் அங்கே ஓடுபவர்கள் ஈயக் கட்டிகளையும் எஃகுத் தகடுகளையும் வண்டிக்குள் பூட்டுகிறார்கள். தாத்தாக்கள் நூறு கிலோ கழற்றிய அதே 1932 ரோட்ஸ்டர் உடலுக்குள் பேரன்கள் நூற்றுக்கணக்கான கிலோ ஏற்றுகிறார்கள். இரண்டு தலைமுறையும் செய்தது சரி. தரை வேறு, தூரம் வேறு.

இன்று சாலையில் ஓட்டுவதற்காகக் கட்டப்படும் ஹாட் ராட்களில் ஏர்கண்டிஷனர், தானியங்கி கியர், அகல டயர், இசைக் கருவி எல்லாம் ஏறிவிடுகின்றன. பார்வைக்கு மட்கார்டு இல்லாத 1932 ஃபோர்டு. எடைமேடையில் ஏற்றினால் தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் வண்டியைவிடக் கனம். வசதி வேண்டுவது தவறில்லை. ஆனால் எடை கூடினால் பிரேக்கும் கூட வேண்டும், ஸ்பிரிங்கும் மாற வேண்டும். அதைச் செய்யாமல் எஞ்சினை மட்டும் பெரிதாக்கிச் சாலையில் இறக்குபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. 1932 ஃபோர்டில் இருந்தது கம்பியால் இழுக்கும் பிரேக். ஃபோர்டு கார்களுக்கு ஆயில் பிரேக் வந்ததே 1939இல்தான். அந்த ஏழு ஆண்டுகளில் இந்த வண்டிகளை எப்படி நிறுத்தினார்கள் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)