கவண் கல் விலகிப் போவது ஏன்?

பென்னாகரம் பகுதி மானாவாரிக் கொல்லைகளில் சோளம் பால் பிடிக்கும் தருணத்தில் கிளிகள் கூட்டமாக இறங்கும். பரண் மீதிருந்து கவண் வீசினாலும் கல் பக்கத்துக் கொல்லையில் போய் விழுவதுண்டு. குறை பெரும்பாலும் கையில் இல்லை, கல்லில்தான். கோணலான கல் காற்றில் புரண்டு திசை மாறும். எடை கல்லுக்குக் கல் வேறுபட்டால் கையும் பழகாது.

களிமண்ணைப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவில் ஒரே சீராக உருட்டி, நிழலில் உலர்த்தவும். வெயிலில் காய்ந்தால் வெடிக்கும். மண்ணுருண்டை விழுந்த இடத்தில் உடைந்துவிடும். உழும்போது கல் தட்டுப்படாது. கவணின் இரு கயிறுகளும் பிடிக்குமிடம்வரை சம நீளமாக இருக்கவேண்டும். ஒன்று நீண்டால் பை சாய்ந்து உருண்டை முன்னதாகவே நழுவிவிடும்.

கிளி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படும் பறவை. அதன்மேல் எறியக்கூடாது. கூட்டத்துக்கு மேலாக உருண்டை பறந்தாலே போதும், எழுந்து போய்விடும். விடியற்காலையும் மாலையும்தான் காவல் முக்கியம்.