அறுபடக் கூடாத இழை

ஆரணியில் பட்டுத் தறியில் ஒரு பாவு முடியும்போது, அதன் நுனிகளை அகற்றாமல் விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றுடன் பிணைப்பார்கள். பழைய நுனிகளை அகற்றிவிட்டால், ஆயிரக்கணக்கான இழைகளையும் விழுதிலும் அச்சிலும் முதலிலிருந்து கோக்க வேண்டும். ஒரு நாட்டின் தொழில் அறிவும் இத்தகையதே. இந்தியக் கடற்படையின் 'நீலகிரி' போர்க்கப்பலின் வரலாறு இதற்குச் சான்று.

1971 டிசம்பர் 9-இல் தியூ அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலில் 'குக்ரி' மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். 'குக்ரி' பிரிட்டனில் கட்டப்பட்ட 'ஃபிரிகேட்' வகைக் கப்பல். அடுத்த ஆறு மாதங்களுக்குள், 1972 ஜூன் 3-இல், மும்பை மஸகான் தளத்தில் கட்டப்பட்ட 'நீலகிரி' கடற்படையில் சேர்ந்தது. சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் பெரிய போர்க்கப்பல் அதுதான்.

அதன் வடிவமைப்பு பிரிட்டனின் 'லியாண்டர்' வகையைச் சேர்ந்தது. நீராவிச் சுழலிகளால் இயங்கியது. நீர்மூழ்கிகளைத் தேடித் தாக்குவது அதன் முதன்மைப் பணி. 24 ஆண்டுகள் பணியாற்றி 1996-இல் ஓய்வுபெற்றது. மறு ஆண்டு ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காகி, கடலுக்குள் சென்றது.

அயல்நாட்டு வடிவமைப்பில், அயல்நாட்டுச் சாதனங்கள் பலவற்றுடன் ஒரு கப்பலை இங்கே கட்டுவதைவிட, முழுக்கப்பலையே விலைக்கு வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். ஒரே ஒரு கப்பலை மட்டும் கணக்கிட்டால் அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், 'நீலகிரி'யைத் தொடர்ந்து 1981-க்குள் அதே வரிசையில் மேலும் ஐந்து கப்பல்கள் கட்டப்பட்டன. கடைசி இரண்டான 'தாரகிரி'யும் 'விந்தியகிரி'யும் பெரிய 'சீ கிங்' ஹெலிகாப்டரைத் தாங்கும் வகையில் மாற்றி அமைக்கப்பட்டன.

அடுத்து வந்த 'கோதாவரி' (1983), 'லியாண்டர்' இயந்திர அமைப்பைத் தக்கவைத்துக்கொண்டு இந்தியர்களே வடிவமைத்த, அளவில் பெரிய கப்பல். 1988 நவம்பரில் மாலத்தீவு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் தோற்று, பிணைக்கைதிகளுடன் சரக்குக் கப்பலில் தப்பிய கூலிப்படையினரைப் பிடித்ததில் 'கோதாவரி'க்கு முக்கியப் பங்குண்டு.

இதைப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962-இல் 'செய்து கற்றல்' என்ற கோட்பாடாக விளக்கினார். ஒரே வேலையைத் தொடர்ந்து செய்யும்போது உற்பத்தித் திறன் உயர்கிறது. அந்த அறிவு வரைபடங்களில் மட்டுமன்றித் தொழிலாளரின் கைகளிலும் தங்குகிறது என்பதே அதன் சாரம்.

தொடர்ச்சி அறுந்தால் என்னவாகும்? அதே மஸகான் தளம் ஜெர்மன் தொழில்நுட்பத்துடன் 'ஷால்கி' (1992), 'ஷங்குல்' (1994) என்னும் இரு நீர்மூழ்கிகளைக் கட்டியது. அத்துடன் பணி நின்றது. பிரான்ஸ் வடிவமைப்பில் அடுத்த நீர்மூழ்கியான 'கல்வரி' படையில் சேர்ந்தது 2017-இல்தான். இடைப்பட்ட 23 ஆண்டுகளில் பற்றவைப்பாளர்களும் பொறியாளர்களும் ஓய்வுபெற்றனர். புதியவர்களுக்கு முதலிலிருந்து பயிற்சி அளிக்க நேர்ந்தது. சேமித்ததாக நினைத்த பணத்துக்கு நாடு காலத்தையும் திறனையும் விலையாகக் கொடுத்தது.

2025 ஜனவரி 15-இல் அதே பெயரில் புதிய 'நீலகிரி' மும்பையில் கடற்படையில் இணைக்கப்பட்டது. நீளம் 149 மீட்டர். எடை பழைய கப்பலைப் போல இருமடங்குக்கும் அதிகம். 'பிரமோஸ்' ஏவுகணைகளைத் தாங்கியுள்ளது. வடிவமைப்பு முழுவதும் இந்தியக் கடற்படையினுடையது. எனினும், அதன் எரிவாயுச் சுழலிகள் இன்னும் அமெரிக்க வடிவமைப்பில் உருவானவையே. கற்க வேண்டியது மீதமிருக்கிறது.

இவ்வரிசையின் ஏழு கப்பல்களும் முடிந்தபின் தளங்களுக்கு அடுத்த பணி உரிய காலத்தில் கிடைக்க வேண்டும். ஆணைகளை ஒத்திப்போடுவது நிதிநிலை அறிக்கையில் சிக்கனமாகத் தோன்றலாம். உண்மையில் அது கையிருப்பை இழக்கும் செயல்.

ஆரணியில் தறியை விட்டு வேறு வேலைக்குச் சென்ற இளைஞர்கள் திரும்பி வருவது அரிது. அவர்களோடு போன கைத்திறனை எந்த மானியத்தாலும் உடனே மீட்க முடிவதில்லை. கப்பல் கட்டும் தளத்துக்கும் அந்த நிலை வரக் கூடாது.